சீனி போடாத கோப்பை

நேற்று மத்தியானம் மகள் ஒரு போத்தலோடு வந்தாள். மஸ்கடே. பிரான்சின் மேற்கே, கடலுக்குக் கிட்ட விளையும் வெள்ளை வைன்; விலையும் குறைவு, பேரும் குறைவு. மாமன், சித்தப்பா எல்லாரும் இருக்கும்போதே கூச்சமில்லாமல் திறந்து எனக்கும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குசினிக்குப் போய் அதைத் தேநீர்க் கோப்பையில் மாற்றிக்கொண்டு வந்தேன். "அம்மா, உங்களுக்கு என்ன விசரோ?" என்றாள். விசர்தான். வசந்தி அக்காவிடமிருந்து தொற்றியது.

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு வைன் கடையை நானும் வசந்தி அக்காவும் சனிக்கிழமைகளில் துப்புரவு செய்த காலம் அது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல வாய்க்காரி. கடைக்காரி ஒரு பிரெஞ்சு மனுசி. பேர்போன போத்தல்களை முன்னால் அடுக்கிவிட்டு, யாரும் திரும்பிப் பாராத மலிவு வைன்களை உள்ளறையில் செல்லப்பிள்ளைகள் மாதிரி வைத்திருப்பாள். ஒரு சனி, வாடிக்கையாளர் சுவைத்து மிஞ்சியதை எங்களுக்கு ஊற்ற வந்தாள். தமிழ்ப் பெண்கள் குடிப்பதா? கடைக் கண்ணாடிக்கு வெளியே எங்கள் சனம் யாராவது போனால் தேநீர் என்று நினைக்கட்டும் என்று கோப்பைகளை நீட்டினோம்.

ஒரு மிடறு குடித்ததும் அக்காவின் முகம் கோணிப்போனது. "எடி பிள்ளை, இது புளிச்சுப் போச்சுது." கோப்பையில் இருந்ததால் கையும் பழக்கத்துக்குப் போய்விட்டது, ஆளுக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினோம். கடைக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த சனி பொரித்த மீன் கொண்டுவரச் சொல்லி, அதே மஸ்கடேயைச் சீனியில்லாமல் தந்தாள். அக்கா மீனில் ஒரு கடி கடித்து, இன்னொரு மிடறு குடித்தார். பிறகு, "கடற்கரையிலை நிண்டு உதட்டை நக்கின மாதிரிக் கிடக்கு" என்றார். அன்றோடு சீனியை விட்டார், தேநீருக்கும் சேர்த்து.

அதற்குப் பிறகு ஒரு விளையாட்டு வந்தது. கடைக்காரி போத்தலுக்குக் கம்பளிக் காலுறை மாட்டி ஊற்றுவாள். என்ன வைன், எந்த ஊர் என்று நாங்கள் சொல்லவேண்டும். பிழையாகச் சொல்லலாம். ஆனால் மணக்காததை மணக்கிறது என்று பொய் சொல்லக்கூடாது. பொய் சொன்னவர்தான் கோப்பை கழுவவேண்டும். நான் போத்தல்களின் முதுகில் வாசித்த ரோசாப்பூவையும் ஆப்பிளையும் ஒப்புவித்து வாராவாரம் கழுவினேன். அக்கா ஒருநாளும் கழுவியதில்லை. கஹோர் என்ற பிரெஞ்சு ஊரின் கறுத்த வைனை மணந்து பார்த்துவிட்டு, "டெர்மின் எண்டு திகதி தந்து கூப்பிட, போய் நாள் முழுக்கக் குந்தியிருந்தமே, அந்த வெளிநாட்டவர் அலுவலகத் தோல் கதிரை" என்றார். விசாவுக்காக நடுங்கிக்கொண்டிருந்த அந்த அறையை நினைத்து நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். ரயிலேறுமுன், வாயில் வைன் மணம் தெரியாமலிருக்க ஆளுக்கொரு கராம்பு மென்றுகொள்வோம்.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. கீமோ ஏற்றத் தொடங்கி, சாப்பாடெல்லாம் மண் மாதிரி இருக்கிறது என்றார். ஒருநாள் தொலைபேசியில், "ஒரு மஸ்கடே கொண்டு வாடி. அதை நான் கண்டுபிடிச்சனெண்டால் இன்னும் நான் நானாத்தான் இருக்கிறன்" என்றார்.

அந்த மருந்தோடு மது தொடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. கழுவிய மஸ்கடே போத்தலில் வெள்ளைத் திராட்சைச் சாற்றை நிரப்பி, காலுறை மாட்டிக்கொண்டு போனேன். சீனிப்பாணி போல இனிக்கும் சாறு. நாக்கில் பட்டவுடன் என்னைத் திட்டுவார், இரண்டு பேரும் சிரிப்போம் என்றுதான் நம்பினேன்.

அக்கா குடித்தார். கண்ணை மூடினார். நான் அந்தத் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"ஓம். உப்புக் கிடக்கு. கடற்கரைதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரியோடி?" என்றார்.

"ஓம் அக்கா. மஸ்கடேதான்" என்றேன்.

கோப்பைகளை எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். "விடு பிள்ளை. இண்டைக்கு நான் கழுவுறன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "இல்லையக்கா, நான்தான் கழுவவேணும்" என்று நானும் போனேன். ஒரே தண்ணீர்க் குழாயின் கீழே ஆளுக்கொரு கோப்பையைக் கழுவினோம். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அக்கா போய்விட்டார்.

அந்தக் கடையில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். கடைக்காரி பிரான்சுக்கே திரும்பிப் போய்விட்டாள். போத்தலை ஒளிக்கிறவர்களும் இல்லை, கராம்பு மெல்லுகிறவர்களும் இல்லை; நல்லதுதான். நேற்று எல்லாரும் போனபிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். "ஒரு கோப்பைதானே அம்மா, மெஷினுக்குள்ளை வையுங்கோ" என்றாள் மகள்.

இது நான் கழுவவேண்டிய கோப்பை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன்.