உடைந்த லேப்டாப்பில் இருந்த கார்டு

எங்கள் அண்ணன் ஒரு பொருளை உடைத்தால், அண்ணி அதைப் பிரித்துப் பார்ப்பார். அந்தக் குடும்பம் அப்படித்தான் ஓடியது. அவன் மிக்சியைச் சுவரில் அடித்தால் அதன் மோட்டாரும் திருகாணிகளும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். மேசை விசிறி, டிவி ரிமோட், அண்ணியின் போன் எல்லாம் அந்த டப்பாவில் அடக்கம். இந்தக் குப்பையை ஏன் சேர்த்து வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாமா உடைஞ்சிருக்கும்?" என்றார்.

நான் அவனுடைய கூடப் பிறந்த தங்கை. நாத்தனார் என்றாலே வத்தி வைக்கிறவள் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. எனக்கும் வாய் நீளம்தான். ஆனால் அதை யாரிடம் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணிக்குப் பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கும் கடையில் வேலை. மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் கிழட்டு மிஷின்களில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு எழுப்பி உட்கார வைத்துவிடுவார். கடையில் அவருக்கு டாக்டரம்மா என்று பெயர். வருகிறவர்களிடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றையே சொல்வார்: போடுவதற்கு முன்னால் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், வைஃபை வந்தால் போடுங்கள், வராவிட்டால் தொடாதீர்கள். வைஃபையைப் பிடிக்கும் சில நெட்வொர்க் கார்டுகளுக்கு, அதை ஓட்டும் டிரைவர் புரோகிராம் லினக்ஸில் இருக்காதாம். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் இன்டர்நெட் வருவதற்கே அந்த டிரைவர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதை.

அண்ணன் கேட் செய்யும் பட்டறையில் மேஸ்திரி. வெளியே தங்கமான மனுஷன். வீட்டில் முதலில் தட்டு பறந்தது, பிறகு கை நீண்டது, பிறகு பெல்ட் வந்தது. அண்ணி நாலு பேரிடம் சொல்கிற ஆள் இல்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். கடைசியில் ஒருநாள், கடையில் எவனோடு சிரித்தாய் என்று கேட்டு, அவர் மடியிலிருந்த லேப்டாப்பைப் பிடுங்கி அதாலேயே அவர் வலது மணிக்கட்டில் ஓங்கி இறக்கினான். திரை சுக்குநூறானது. எலும்பும்தான். ஒரு கையில் அந்த லேப்டாப்போடு அண்ணி என் வீட்டுக்கு நடந்து வந்தார்.

அவன் பக்கத்திலேயே வரக்கூடாது என்று கோர்ட்டில் தடை கேட்டோம். அந்த உடைந்த லேப்டாப் முக்கியமான சாட்சியம், யாரும் கை வைக்கக்கூடாது என்று எங்கள் வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நேரில் வரப் பயப்படுகிறார் என்பதால் விசாரணையை வீடியோவில் வாங்கித் தந்ததும் அவர்தான். அண்ணி அன்று திரையில் வராவிட்டால் மனு தள்ளிப் போகும். தள்ளிப் போனால் அதுவரை அவர் உயிரோடு இருக்க வேண்டும். நான் மிகைப்படுத்தவில்லை.

கடை முதலாளி ஒரு லேப்டாப் அனுப்பி வைத்தார். உள்ளே ஒன்றும் போடாத காலி மிஷின். விசாரணை அன்று காலை, இடது கையாலேயே அண்ணி பென் டிரைவைச் செருகி லினக்ஸைப் போட ஆரம்பித்தார். ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். இதே மாடலில் எத்தனையோ போட்டாகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்றார். ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி தனக்கென்று வந்தபோது அவசரத்தில் நழுவிவிட்டது.

நான் தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினேன். படிக்கட்டில் அண்ணன் நின்றிருந்தான், கையில் பட்டறைக் கம்பி. அவள் எங்கே என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது; ஒரு பல் ஆடியது. என் போனைப் பிடுங்கிப் படியில் அடித்து, செருப்புக் காலால் நசுக்கினான். குடத்தை அவன் முழங்காலில் வீசிவிட்டு மேலே ஓடிக் கதவைத் தாழ் போட்டேன். அவன் கதவை உதைக்க ஆரம்பித்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, பார்த்தது, மூடிக்கொண்டது. குடும்பச் சண்டையாம்.

உள்ளே லினக்ஸ் ஏறி முடிந்திருந்தது. வைஃபை அடையாளம் மட்டும் இல்லை. கீழ்வீட்டு வைஃபைதான் எங்களுக்கும். அது வருகிறது, ஆனால் இந்த மிஷினுக்குக் கண் தெரியவில்லை. அண்ணி எதையோ தட்டிப் பார்த்தார்.

"வெளியில அதே மாடல். உள்ள கார்டை மாத்தி வச்சிருக்காங்க. ஓட்டிப் பாத்திருக்கணும். என் தப்பு."

உதைக்கு உதை கதவின் கீல் முனகியது. இருந்த ஒரே போனும் நசுங்கிவிட்டது, வெளியே போக வழி இல்லை. அண்ணி கட்டிலுக்கு அடியிலிருந்து உடைந்த லேப்டாப்பை இழுத்தார். அதிலும் அவர் லினக்ஸ்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கார்டு வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும். வக்கீலம்மா தொடக்கூடாது என்றாரே என்று நான் தடுத்தேன்.

"தொடாம வச்சிருந்தா, நான் செத்த பிறகு அதைக் காட்டுவாங்க. ஸ்க்ரூடிரைவரை எடு."

வலது கையில் மாவுக்கட்டு. அவர் சொல்லச் சொல்ல நான் இரண்டு மிஷினையும் கழற்றினேன். நான் துணி தைக்கிறவள்; ஊசி பிடித்துப் பழகிய விரல். தபால்தலை அளவில் ஒரு சின்னக் கார்டு. அதன் தலையில் இரண்டு மெல்லிய வயர். குழந்தைச் சட்டையில் தைக்கும் பிரஸ் பட்டன் மாதிரி, ஆனால் அதைவிடப் பொடிசு. உதைப்பது நின்று கம்பியால் இடி விழத் தொடங்கியது. ஒவ்வொரு இடிக்கும் வயர் நழுவியது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அதை விழுங்கிக்கொண்டு அழுத்தினேன். முதல் வயர் உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது.

மிஷின் எழுந்தது. வைஃபை அடையாளம் வந்தது. அண்ணி இடது கையால் மெயிலைத் திறந்து, கோர்ட் அனுப்பியிருந்த விசாரணை லிங்கைத் தொட்டார்.

விசாரணை தொடங்கியிருந்தது. நீதிபதி அம்மா கேட்டுக்கொண்டிருக்க, அண்ணனின் வக்கீல் உருகிக்கொண்டிருந்தார். தன் கட்சிக்காரர் கடும் காய்ச்சலில் படுக்கையில் கிடக்கிறார், அதனால்தான் வர முடியவில்லை, அவர் இதுவரை யார் மீதும் கை வைத்ததில்லை என்றார். அப்போது கதவுப் பலகை பிளந்தது. அது என்ன சத்தம் என்று நீதிபதி கேட்டார்.

அண்ணி லேப்டாப்பைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

பிளவு வழியாக முதலில் கம்பி வந்தது, பிறகு கை, பிறகு அவன் முகம். அவன் மிஷினைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தான்.

"அன்னைக்குக் கையோட விட்டேன்டி. இன்னைக்குக் கழுத்து."

"யாரது?" என்றார் நீதிபதி.

நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன். ஆடிய பல்லோடு, தெளிவாகத்தான் சொன்னேன்.

"காய்ச்சல்ல படுத்திருக்காருன்னு வக்கீல் சொன்னாரே, அவருதாங்க. எங்க அண்ணன். நான் கூடப் பிறந்தவ."

அண்ணனின் வக்கீல் மெல்லத் தன் கேமராவை அணைத்துக்கொண்டார். மனுவில் இருந்த எங்கள் முகவரிக்குப் போலீஸை உடனே அனுப்பும்படி நீதிபதி சொன்னது அவன் காதிலும் விழுந்தது. கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான். தெருமுனையிலேயே பிடித்துவிட்டார்கள்.

அண்ணியின் மணிக்கட்டு இப்போதும் முழுதாக மடங்காது. சாட்சியத்தைப் பிரித்ததற்கு வக்கீலம்மா இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். பிஸ்கட் டப்பாவில், கடை லேப்டாப்பிலிருந்து கழற்றிய, வேலைக்கு ஆகாத அந்தக் கார்டும் சேர்ந்துவிட்டது.

அம்மா என்னோடு பேசுவதில்லை. கூடப் பிறந்தவனையே காட்டிக் கொடுத்தவள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். நான் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அண்ணி லேப்டாப்பைத் திருப்பினார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவனே காட்டினான்.