வானத்தில் ஒரு துண்டு

பெங்களூரின் குளிர்காலம் எனக்கு ஒரு கேரம் பலகையின் பின்பக்கமாகத்தான் நினைவிருக்கிறது. நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அதன்மேல்தான் சித்தியும் நானும் ஐந்நூறு துண்டுகள் கொண்ட ஒரு ஏரியைச் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

மல்லேஸ்வரத்தில் ஒரு கீழ்வீட்டில் குடியிருந்தோம். கார்த்திகை முடிகிற சமயம் அம்மாவின் தங்கை, ஊரின் மறுகோடியில் இருக்கும் சந்தாபுராவிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். "அங்க குளிர் ஒத்துக்கல, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்றாள். இரண்டு இடங்களிலும் ஒரே குளிர்தான் என்பது எனக்கே தெரியும். ஆனால் யாரும் கேட்காததால் நானும் கேட்கவில்லை.

அந்த ஜிக்சா பசில் அப்பாவுக்கு அலுவலகத்தில் கொடுத்த பரிசு. பெட்டியின் மேல் ஏரி, ஓட்டுவீடு, சில மரங்கள். மீதியெல்லாம் மேகம் மூடிய வானம். சன்னலுக்கு வெளியிலும் அதே வானம்தான். சென்னைப் பக்கம் புயல் என்றால் எங்களுக்கு மூன்று நாள் சாரல். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருப்பாள். பருப்பு பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்கும். சித்தி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்திருப்பாள். நான் பக்கத்தில் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருப்பேன். அந்த மதியங்களுக்குள் கடிகாரம் நுழைந்ததாக எனக்கு நினைவில்லை.

நுழைவது ஏழு மணிக்கு. அம்மாவின் செல்போன் அடிக்கும். சித்தப்பா.

"அவ குளிச்சிட்டிருக்கா" என்பாள் அம்மா. சித்தி எனக்குப் பக்கத்தில்தான் இருப்பாள், ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. மதியம் வெயில் வந்தாலும் அதை மேலே ஏற்றமாட்டாள். ஒருமுறை நான் ஏற்றிவிடப் போனபோது, "வலிக்குது, கண்ணு" என்று இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போனை வைத்ததும் அம்மா கேட்பாள். "எத்தனை நாளைக்கு உன்னைக் குளிக்க வெச்சிட்டே இருக்கறது? அவரும் தினம் கூப்பிடறாரு, நாலு பேரு கேக்கறாங்க. என்னிக்குதான் போறே?"

"இதை முடிச்சிட்டுப் போறேன்க்கா."

"இன்னும் கட்டிட்டிருக்கற மெட்ரோவே ஓட ஆரம்பிச்சிடும், இது முடியாது" என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்வார்.

"நீங்க சும்னே இருங்க" என்று அம்மா கன்னடம் கலந்து அவரை அடக்குவாள்.

எதையும் பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. வானம், நீர், மரம், ஓடு, எதுவென்று தெரியாதவை என ஐந்து டப்பாக்கள். தினமும் மாலையில் சேர்ந்த துண்டுகளை எண்ணி நோட்டில் எழுதுவேன். அப்படித்தான் கண்டுபிடித்தேன். மாலையில் இருநூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் காலை நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்கு மறுநாளும் குறைந்தது. சாத்தியமான காரணங்களை எழுதினேன். ஒன்று, பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளும்போது கழன்றுவிடுகிறது. இரண்டு, பூனை. மூன்று, குளிரில் அட்டை சுருங்குகிறது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு நாள் விடிகிற நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சித்தி தரையில் உட்கார்ந்து வானத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, நான் எழுதி ஒட்டியிருந்த டப்பாவிலேயே சரியாகப் போட்டாள். நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் போர்வைக்குள் யோசித்தேன். சித்திக்கு வானம் வரவில்லை. தப்பாகச் சேர்த்ததை வெட்கப்பட்டு யாருக்கும் தெரியாமல் கலைக்கிறாள். முடித்தால்தான் போவேன் என்று வேறு சொல்லிவிட்டாள். பாவம், இந்த வானத்தில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போக முடியாமல் தவிக்கிறாள்.

வைகுண்ட ஏகாதசியன்று அம்மாவும் சித்தியும் விடியும் முன்பே கோயில் வரிசைக்குப் போய்விட்டார்கள். பாக்கி நூற்றுப் பதினெட்டுத் துண்டுகள், எல்லாமே வானம். சாம்பல் நிறத்தை ஐந்து வகையாகவும், துண்டுகளின் விளிம்புப் பற்களை நான்கு வகையாகவும் பிரித்தேன். காலைச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மதியம் கேட் சத்தம் கேட்டபோது கடைசித் துண்டை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"சித்தி, கண்ணை மூடிட்டு வா!"

பிரசாத லட்டைக் கையில் பிடித்தபடியே வந்தாள். கண்ணைத் திறந்தாள். வானத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"முடிச்சிட்டியா, கண்ணு?"

"முழுசா! இனிமே நீ உங்க வீட்டுக்குப் போலாம்."

என்னை யாரும் பாராட்டவில்லை. அம்மா பசிலைப் பார்க்கவே இல்லை, சித்தியைத்தான் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அன்று ஏழு மணிக்குச் செல்போன் அடித்தபோது சித்தியே எடுத்து, "நாளைக்கு வரேன்" என்றாள். அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை நான் எழுந்தபோது அந்த ஒரு பையும் இல்லை, சித்தியும் இல்லை.

பசிலைக் கலைக்கப் போனபோது வானத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. எண்ணியபடியே பெட்டியில் போட்டேன். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. கட்டிலுக்கடியிலும் பாய்க்குள்ளும் தேடிவிட்டு நோட்டில் எழுதினேன்: "வானம், ஒன்று குறைவு. சித்தி தவறுதலாக எடுத்துப் போயிருக்கலாம்."

அடுத்த குளிர்காலத்தில் சித்தி மறுபடி வந்தாள். இந்த முறை இரண்டு பெரிய பைகள், ஒரு பெட்டி. மூன்றாம் நாள் பசிலை எடுக்கச் சொன்னாள்.

"ஒண்ணு இல்ல சித்தி. இது முடியவே முடியாது."

"முடியாட்டி போகுது, நீ எடு."

என்றைக்குப் போகிறாய் என்று அம்மா அந்த வருடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏழு மணிக்குச் செல்போன் அடித்தபோது, "அவ இங்கதான் இருக்கா. இங்கதான் இருப்பா" என்று சொல்லி வைத்துவிட்டு அவரைக்கொட்டை பிதுக்க உட்கார்ந்துவிட்டாள்.

சீப்பு எடுக்கச் சித்தியின் கைப்பையைத் திறந்தபோதுதான் அது கிடைத்தது. உள்ஜிப்புக்குள், ஓரங்கள் தேய்ந்து, சாம்பல் நிறத்தில். "கிடைச்சிடுச்சு சித்தி, கிடைச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சித்தி அதை என் கையிலிருந்து வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும், கண்ணு."

ஸ்வெட்டர் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் ஓரத்துண்டுகளைத் தேட ஆரம்பித்தாள். எனக்குக் கோபமாக வந்தது. பழைய நோட்டைத் தேடி எடுத்து, "தவறுதலாக" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: "வேண்டுமென்றே. காரணம் தெரியவில்லை."