வெல்லத்துக்கு இறங்காத தூசு

ஒரகடம் பக்கம், இரும்பு வார்ப்புகளைத் தேய்த்துப் பிசிறு எடுக்கும் பிரிவில் என் கணவருக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். அதைத் தின்றால் நெஞ்சில் படிந்த தூசு இறங்கிவிடுமாம். தின்கிற வெல்லம் வயிற்றுக்குத்தானே போகும், நுரையீரலில் அதற்கு என்ன வேலை என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் கேட்டேன். "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று சிரித்தார். மாஸ்க் மட்டும் கழுத்தில் தொங்கும். போட்டால் மூச்சு முட்டுகிறதாம்.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்கே நினைவில்லை. குன்றத்தூரில் எங்கள் மாடி வீட்டுக்காரர்கள், அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டதை இருமலை வைத்தே சொல்லிவிடுவார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் வாங்க என்று தொண்டை வற்றக் கத்துவேன். "இந்த மாசம் ஓ.டி. கீது. முடியட்டும், போலாம்" என்பார். ஓ.டி. இல்லாத மாதம் என்று ஒன்று எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.

உடம்பு இளைத்து, பேன்ட் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் வந்தார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. டி.பி.யாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்தும் மாத்திரை ஓடியது. நிழல் அசையவில்லை. வேறொரு மருத்துவமனையில் துளி சதை எடுத்துச் சோதித்த பிறகுதான், நுரையீரலில் லிம்போமா, வெள்ளை அணுக்களில் வரும் ஒருவகைப் புற்றுநோய் என்றார்கள்.

அங்கிருந்த டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "நுரையீரல் வருஷக்கணக்கா அழற்சியில இருந்தா, அதைச் சரிபண்ண வர்ற வெள்ளை அணுக்கள் அங்கேயே தங்கிப் பெருகும். அப்படிப் பெருகும்போது ஏதோ ஒண்ணு தறிகெட்டுப் போயிடலாம். அப்புறம் அது நிக்காது." தூசுதான் காரணமா என்றேன். இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்றார். மெதுவாக வளரும் வகை, மருந்துக்குக் கேட்கும் என்று நம்பலாம் என்றார். ஆறுதல்தான். ஆனாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காவலுக்கு வந்தவர்களே வீட்டைப் பிடித்துக்கொள்ளும்வரை நாங்கள் வெல்லம் தின்றுகொண்டிருந்திருக்கிறோம். யார்மேல் கோபப்படுவது என்றுகூட யாரும் அடித்துச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அவரோடு அதே பிரிவில் வேலை செய்பவர் பார்க்க வந்தார். கையில் ஒரு பை வெல்லம்.

"லைன்ல எல்லாரும் சேந்து வாங்கினது அண்ணி. அண்ணனுக்குக் குடுங்க, நெஞ்சு சுத்தமாயிடும்."

பையைத் தெருவில் வீசலாம் போலிருந்தது. பிரியமாகக் கொண்டுவந்தவரை என்ன சொல்வது? காபி போடப் போனேன். அடுப்படியில் நிற்கும்போது இருமல் கேட்டது. கணவர்தான் என்று ஓடிவந்தால், இருமியது வந்தவர். அதே வறட்டு இருமல்.

"எவ்ளோ நாளா இது?" என்றேன்.

"அது ரொம்ப நாளா கீது அண்ணி. தூசுதான்."

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாளைக்கே போய் எக்ஸ்ரே எட்றா" என்றார். இத்தனை வருடம் நான் கத்திய வசனத்தை முதல்முறையாக அவர் வாயால் கேட்டேன்.

வந்தவர் சிரித்தார். "இந்த மாசம் ஓ.டி. கீதுண்ணே. முடியட்டும், போறேன்."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்தார். மாதா மாதம் அவர் எனக்குச் சொன்ன அதே பதில்.