மீனுக்கு லீவு விட்ட கிராஃப்

கடல் வள மேலாண்மை ஆராய்ச்சியில் நான் இருந்த காலமெல்லாம் என் ஒரே ஒரு கிராஃபைத்தான் டைரக்டர் வாயாரப் பாராட்டினார். அது தப்பான கிராஃப். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படித்துச் சிரிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரியில், முகத்துவாரத்தை ஒட்டிய ஓரிடத்தில் இறால் குறைகிறதா என்று பார்க்க என்னை அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய், ஒரு மீனவ ஊரின் கரையில் தராசோடு நிற்பேன். கரையில் மட்டும்தான். படகில் ஏறினால் எனக்குக் குமட்டும். கடல் ஆராய்ச்சிக்காரி இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? கரையில் நின்று எடை போடுவதை "லேண்டிங் சென்டர் சாம்பிளிங்" என்று கௌரவமாக எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள் கூடை கூடையாக இறால் வரும். அடுத்த இரண்டு நாள் ஒன்றும் வராது. ஆண்கள் கரையில் உட்கார்ந்து வலை தைப்பார்கள். டேட்டா ஷீட்டில் அவர்கள் எதிரிலேயே பெரிதாக முட்டை போடுவேன். குறிப்பு என்ற கட்டத்தில் "மீனவர்கள் விரக்தியில் உள்ளனர்" என்றும் எழுதினேன். அவர்கள் கிரிக்கெட் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது என் கண்ணில் படவில்லை.

கிராஃப் எகிறி எகிறி விழுந்தது. இறால் வளம் நிலைகுலைந்துவிட்டது, அந்த இடத்தை மூன்று மாதம் மூட வேண்டும் என்று டைரக்டர் பரிந்துரை எழுதினார். மழை ஓய்ந்து இறால் கொழிக்கிற மாதங்கள் அவை.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். திரையில் என் கிராஃப். என் தராசில் கூடை வைக்கும் தேசப்பன் எழுந்தார்.

"இன்னா மேடம் இது, எங்க ஏரி இறாலு மூணு நாளைக்கு ஒருவாட்டிதான் டூட்டிக்கு வருதா?"

ஹாலே சிரித்தது.

"பள்ளமா கீற நாளெல்லாம் எங்க பாடு இல்ல மேடம். அந்த எடம் மூணு ஊருக்குப் பொது. ஒரு நாள் எங்க மொற, மறுநாள் பக்கத்து ஊரு, அதுக்கு மறுநாள் அக்கரை ஊரு. அதான் பாடுனு பொறந்த கொழந்தைக்கும் தெரியும்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"எத்தினி கிலோனுதான் கேட்டீங்க. ஏன் போவலனு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

அவர் மனைவி கன்னியம்மா விடவில்லை. "மூணு மாசம் மூடிட்டா நாங்க இன்னாத்த துன்றது? இந்தப் படத்தையா?"

டைரக்டர் என் காதருகே குனிந்தார். "பேசாம உட்காரு. டேட்டா டேட்டாதான்."

அடுத்த மாதம் என் கான்ட்ராக்டை நீட்டிக்க வேண்டியவர் அவர்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதிகாரியின் பேனா மூடி திறந்திருந்தது. எழுந்து நின்றேன்.

"நான் ஓர் ஊரில் மட்டும் நின்று எண்ணினேன். மற்ற இரண்டு ஊர்ப் பக்கம் போகவே இல்லை. இந்த கிராஃப் தப்பு."

அதிகாரி பேனாவை மூடினார்.

திரும்பும்போது ஜீப் திருப்பாலைவனத்தைத் தாண்டியது. டைரக்டர் கேட்டார்: "ஒரு நாள் படகுல போயிருந்தா தெரிஞ்சிருக்குமே. ஏன் போகல?"

"குமட்டும் சார்."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கும்தான்" என்றார்.

கான்ட்ராக்ட் தப்பியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று ஊர், மூன்று பாடு, படகில் ஏறினால் மடியில் பாலிதீன் கவர். மூன்று ஊர்க் கணக்கையும் சேர்த்தபோது கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. அந்த இடத்தை யாரும் மூடவில்லை. அந்த கிராஃபை யாரும் பாராட்டவுமில்லை.

ஆகவே பிள்ளைகளே, முட்டை போடும் முன் பக்கத்தில் வலை தைப்பவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னைத் தெரியும் என்று சொல்லுங்கள். என் பெயர் அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்காது. முட்டை மேடம் என்றால் மூன்று ஊரிலும் தெரியும்.