வேப்பங்குச்சியும் கருப்பட்டிச் சில்லும்

அண்ணன் மகள் வலப்பக்கமாக மெல்லுவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நாள்தோறும் காலையில் அவள் வாயைத் திறந்து பார்த்தவன் நான்தான்.

அது இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். பள்ளிக்கூட இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு, அலங்காநல்லூருக்கு மேற்கே எங்கள் ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து மழை வருமா என்பது வரைக்கும் என்னைத்தான் கேட்டார்கள். நானும் தெரியாது என்று சொன்னதில்லை.

வீட்டில் பெரியவர்கள் சாம்பலைத் தொட்டுப் பல் விளக்கினார்கள். பிள்ளைகளை யாரும் விளக்கச் சொல்லவில்லை. விழுந்து முளைக்கப்போகிற பல்தானே என்று விட்டுவிடுவார்கள். அண்ணனுக்கு ஏழு வயதில் ஒரு பெண், நான்கு வயதில் ஒரு பையன். சுகாதாரப் பாடத்தில் படித்ததை அந்த இரண்டு வாயிலும் நடத்திக் காட்டுவது என்று நான் தீர்மானித்தேன்.

விடிந்ததும் இருவரையும் தொழுவத்துக்குப் பின்னால் நிறுத்துவேன். வேப்பங்குச்சியை ஒடித்து, நுனியைக் கல்லில் தட்டி நாராக்கிக் கொடுப்பேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, அப்புறம் உள்பக்கம், கடைசியில் நாக்கு. முதல் நாள் இரண்டு பேரும் துப்பிவிட்டு ஓடினார்கள்.

சாணி அள்ளிக்கொண்டிருந்த மதினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பல்லு வெளக்கத்தான் பத்து வருசம் படிச்சீகளா தம்பி? நம்ம காளைக்கும் ஒரு குச்சி குடுத்துப் பாருங்க."

கசப்புக்கு ஒரு வழி கண்டேன். ஒழுங்காகத் தேய்த்து முடிப்பவர்களுக்கு ஆளுக்கொரு கருப்பட்டிச் சில்லு. மறுநாளே வேலை நடந்தது. ஒரு வாரத்தில் நான் எழுப்புமுன்பே குச்சியோடு நின்றார்கள். "எம்புட்டு வெள்ளையா இருக்கு பாருங்கண்ணே" என்று பையனின் உதட்டைத் தூக்கி அண்ணனிடம் காட்டினேன்.

பெண் சில்லைக் கடித்துத் தின்னமாட்டாள். வலக்கன்னத்தில் ஒதுக்கி, கஞ்சி வேளை வரைக்கும் கரைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கன்னம் லேசாகப் புடைத்திருப்பதைப் பார்க்க எனக்கு அழகாகத்தான் இருந்தது.

மாசியில் ஒருநாள், வலப்பக்க மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில் குச்சி பட்டதும் என் கையைத் தட்டிவிட்டாள். பல்லின் நடுவே கறுத்த குழி. ஒரு மிளகு உட்காரும். கெட்ட வாடையும் வந்தது.

"அங்க வேணாம் சித்தப்பா."

"சரி, அந்தப் பக்கத்த விட்டுரு. பால்பல்லுதான், தானா விழுந்துரும்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. வலியோடும் ஓடாமல் நின்றாளே என்று அன்றைக்கு இரண்டு சில்லு கொடுத்தேன்.

பங்குனியில் கன்னம் வீங்கியது. முதல் நாள் எலுமிச்சை அளவுதான். மறுநாள் கண்ணுக்குக் கீழே தோல் சிவந்து பளபளத்தது. மூன்றாம் நாள் காலையில் வலக்கண் திறக்கவில்லை. உடம்பு கொதித்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இடக்கண்ணால் என்னைப் பார்த்து, "இது யாரும்மா?" என்று கேட்டாள்.

"டவுனுக்குக் கொண்டுபோயிருவோம்ணே. அந்தப் பல்லப் புடுங்கணும்."

"மேப்பல்லப் புடுங்கினா கண்ணு போயிரும்டா. கீழத்தெரு ஆளு ஒத்தக்கண்ணோட அலையுறாரே, பாக்கலையா நீ?"

மேல்பல்லின் வேர் கண்ணில் போய் முடிகிறது என்று எங்கள் பக்கத்தில் நம்பாதவர்கள் இல்லை.

"புடுங்காட்டி பிள்ளையே போயிரும்ணே."

அண்ணன் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே இறங்கியது. போய் வண்டியைப் பூட்டினார்.

போகிற வழியில் பரவையில் அன்று சந்தை. வண்டிகள் பாதையை அடைத்து நின்றன. அண்ணன் கத்தியும் ஒருவரும் நகரவில்லை. ஒரு வண்டிக்காரர் எட்டி, மதினியின் மடியில் கிடந்த முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, அம்மையா?"

"ஆமா" என்றார் அண்ணன். ஒரு நொடியில் பாதை திறந்தது. பொய்தான் என்று தெரிந்தும் மதினி பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னத்தை அழுத்தினார். பிள்ளை முனகினாள், அழ அவளுக்குத் தெம்பில்லை.

"சீழ் கண்ணப் பாத்து ஏறிக்கிட்டிருக்கு. பல்லு வெளக்குற பழக்கம் உண்டா?"

"தினமும் வேப்பங்குச்சி சார். நான்தான் தேய்க்க வைக்கிறேன்" என்றேன்.

"அதுக்கப்புறம் என்ன திங்கிறா?"

"கருப்பட்டி. கொஞ்சம்."

"குச்சிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"வாயக் கொப்பளிக்க வச்சீரா?"

"இல்ல சார்." அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தை நகர்த்தினார். பல்லை எடுக்கச் சம்மதம் என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் கட்டைவிரலை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். "நீயே போடு. நீதானே சொன்ன."

போட்டேன். உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வழியாக ஒரே ஒரு சத்தம் வந்தது.

பல்லோடு சீழும் கொட்டியது என்றார்கள். கண்? வீக்கம் வற்றினால்தான் சொல்ல முடியுமாம். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பிள்ளையோடு இரண்டு நாள் கிடந்தோம். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மதினியிடம் கருப்பட்டியைப் பற்றிச் சொன்னேன். குச்சியால் தேய்க்க வைத்துவிட்டு, அந்தப் பல்லின்மேலேயே இனிப்பையும் வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

மதினி விரலால் தரையைக் கீறினார். "பானையிலருந்து எடுத்துக் குடுத்தது நானுந்தான்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் இமை கீற்றாகப் பிரிந்தது. மதினி பிள்ளையின் இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திவிட்டுக் குனிந்தார். "என்ன தெரியுது ஆத்தா?"

பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூக்குத்தி" என்றாள்.

அண்ணன் மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

ஊர் திரும்பிய மறுநாள், பையன் குச்சியால் தேய்த்துவிட்டு வழக்கம்போல் கையை நீட்டினான். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். "கருப்பட்டி எங்க?" என்று வாயைப் பிளந்து அழுதான். வெயில் நேராக உள்ளே விழுந்தது. மேல்வரிசையில், கடைவாயில், கடுகளவு கறுப்பு.

மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தானா விழுந்துருமா தம்பி?"

"தெரியல மதினி. வீங்குறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட காட்டணும்."

மதினி பையனின் மோவாயைப் பிடித்து இன்னொரு தரம் உள்ளே பார்த்தார். பிறகு அவனுடைய சட்டையை எடுக்க வீட்டுக்குள் போனார்.