இரண்டு ஆறுகள் உள்ள ஊருக்குப் போகிறவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் லிப்டில் ஏறினால், யாராவது ஒருவர் சீனாவைப் பற்றிக் கேட்காமல் இறங்குவதில்லை. கனடாவுக்கும் லண்டனுக்கும் போய் வந்தவர்களை இப்படி யாரும் பிடித்து வைத்துக் கேட்பதில்லை. அங்கே எல்லோருக்கும் ஒரு பிள்ளையாவது இருக்கிறது. நாங்கள் போய் வந்த சொங்சிங் என்றால் வாயில் நுழையாத பெயர். மலையாமே, ஆறாமே, ரயில் மாடி வீட்டுக்குள்ளால் போகுதாமே, மெய்தானோ என்று கேட்கிறார்கள். மெய்தான். நான்காம் மாடி வருவதற்குள் ஒரு ஊரைச் சொல்லி முடிக்க இயலாது என்பதால் எழுதி வைக்கிறேன். போகிறவர்களுக்கு உதவும். போகாதவர்கள் இனி என்னை லிப்டில் நிம்மதியாக விடலாம்.

முதலில், தரை மாடி என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். கொழும்பில் வீதியிலிருந்து உள்ளே நுழைந்தால் அது தரை. சிறு பிள்ளைக்கும் தெரியும். அங்கே வீதியிலிருந்து நுழைந்து, லிப்டில் பல மாடி ஏறி, கதவு திறந்தால் வெளியே இன்னொரு வீதி இருக்கிறது. அதில் பஸ் ஓடுகிறது, மரம் நிற்கிறது, ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார். மலையின் முதுகில் ஊரை ஏற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஹோட்டலில் முதல் நாள் காலை, தரைக்குப் போகிறேன் என்று இறங்கி இறங்கி, கடைசியில் யாரோ ஒருவருடைய கார் தரிப்பிடத்தில் போய் நின்றேன்.

அடுத்தது சாப்பாடு. உறைப்பு விஷயத்தில் எங்கட ஆக்களுக்கு ஒரு தலைக்கனம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தூளைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு எதற்கும் அஞ்சாது என்று நினைத்துக்கொண்டுதான் நானும் உட்கார்ந்தேன். அங்கே மிளகு போல ஒரு மணி போடுகிறார்கள். அது உறைப்பதில்லை, மரக்க வைக்கிறது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட மாதிரி உதடு இருக்கிற இடமே தெரியாமல் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் சாப்பிடாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேசை நடுவே கொதிக்கிற சிவப்புச் சாற்றில் மரக்கறியை மட்டும் போட்டுச் சாப்பிட்டால் சைவம் என்று நினைக்கக் கூடாது. அந்தச் சாறே மாட்டுக் கொழுப்பில் ஆக்குவது. காளான் சாறு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும்.

ஆனால் நாங்கள் உறைப்பைப் பார்க்கவும் போகவில்லை, ரயிலைப் பார்க்கவும் போகவில்லை. எங்கள் ஒரே மகள் அந்த ஊரில் இருக்கிறாள். கட்டடக்கலை படிக்கப் போனவள். படித்து முடிகிற நேரத்தில் லண்டனில் ஒரு நல்ல இடம் சரிவந்து, என் மனைவி மண்டபம் வரைக்கும் பார்த்து வைத்திருந்தாள். அப்போதுதான் மகள் அழைத்து, தனக்கு இப்போது கலியாணம் வேண்டாம், இங்கேயே வேலை எடுத்துவிட்டேன், வரவில்லை என்றாள். மனைவி போனை என்னிடம் நீட்டி, "இந்தாங்கோ, உங்கட மகள்" என்றாள். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் மகளோடு அவள் நேராக ஒரு சொல் கதைக்கவில்லை.

நேராக என்று ஏன் சொல்கிறேன் என்றால், கதை நிற்கவில்லை. வீடியோ அழைப்பு வந்தால் மனைவி என் பக்கத்தில்தான் இருப்பாள், ஆனால் படத்தில் விழாத தூரத்தில். அங்கிருந்து, "இருமுறாள் போலக் கிடக்கு. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்கோ" என்பாள். அது அங்கே தெளிவாகக் கேட்கும். "குடிக்கிறனாம் எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ" என்று மகள் சொல்லுவாள். இதுவும் இங்கே கேட்கும். இருந்தாலும் நான் நடுவில் இருந்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். தாயும் மகளும் ஒரே பிடிவாதம். எனக்குச் சில நாட்களில் போனைக் கடலில் எறிந்துவிடலாம் போல இருக்கும்.

ஆகவே நான் போனது ஒரே காரியத்துக்கு. மனைவி வாயைத் திறந்து மகளோடு ஒரு சொல் கதைக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் ஒரு குழுவாகச் சீனா போவதாகக் கேள்விப்பட்டு, அந்தப் பயணத்தில் சொங்சிங்கும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெயர் கொடுத்தேன். மனைவிக்கு விளங்காமல் இல்லை. "ஊரைப் பாக்க வாறன். ஆளைப் பாக்க இல்லை" என்றாள். வருகிறாள் என்பதே பெரிய காரியம்.

ஊருக்குப் போன அன்றே செய்திகள் தொடங்கின. படிகள் கூடின ஊர், அம்மாவை நல்ல சப்பாத்துப் போடச் சொல்லுங்கோ என்று மகள் அனுப்பினாள். எனக்குச் செருப்புக் காணும், சப்பாத்து வேண்டாமெண்டு சொல்லுங்கோ என்றாள் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் மகள் சொன்னாள் என்பதற்காகவே செருப்பைப் போட்டுக்கொண்டு அந்த மலை ஊர் முழுக்க ஏறி இறங்கினாள். கண்டறியாத படி என்று ஒவ்வொரு படியிலும் என்னைத்தான் ஏசினாள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது மனைவியின் வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கையால் இறங்கினாலும் கடைசியில் கடல்தான் வரும். அதனால் ஆடிவேல் திருவிழாக் கூட்டத்திலோ சந்தையிலோ யாராவது கைதவறிப் பிரிந்துவிட்டால், தேடி அலையக் கூடாது. கடற்கரைக்கு இறங்க வேண்டும். கரையோரம் ஓடுகிற ரயில் பாதையைக் கடக்கக் கூடாது. முதலில் வந்தவர் அசையாமல் நிற்க வேண்டும், கடைசியாக வந்தவர் எல்லோருக்கும் வறுத்த கச்சான் கடலை வாங்க வேண்டும். மகள் சிறுபிள்ளையாக இருக்கும்போது ஒருமுறை தேர்க் கூட்டத்தில் கையை விட்டுவிட்டாள். நாங்கள் பதறியடித்துக்கொண்டு இறங்கிப் போனால், ரயில் பாதையோரக் கல்லில் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்பாதான் பிந்தினது, அப்பாதான் கச்சான் வாங்க வேணும் என்றாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் குழுவுக்கு ஓய்வு. ஆற்றோர வீதியிலிருந்து மலைச்சரிவை ஒட்டிப் பழைய பாணியில் அடுக்கடுக்காக எழுப்பிய ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. சீனா பற்றிய எல்லாப் படத்திலும் வரும். அடிவாசலால் நுழைந்து லிப்டில் ஏறினால் மேல் வீதிக்குப் போகலாம். நானும் மகளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் மனைவியை மேல் வீதிக்குக் கூட்டிக்கொண்டு வருவது, மகள் தற்செயலாக அங்கே வருவது. தற்செயலாக வருகிறவள் எப்படி வர வேண்டும், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்றெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

லிப்டடியில் கொள்ளாத சனம். கதவு திறந்ததும் பின்னால் இருந்து தள்ளிய தள்ளில் நான் உள்ளே போய்விட்டேன், மனைவி வெளியே நின்றாள். நான் கையை நீட்டுவதற்குள் கதவு மூடிவிட்டது. கடைசியாகத் தெரிந்த அவள் முகத்தில் பயம் இல்லை, நல்ல கோபம் இருந்தது. அவளுடைய போனில் அந்த நாட்டு இணைப்பு இல்லை. ஒரு போன் போதும், ஏன் வீண் செலவு என்று சொன்னது நான்தான்.

மேலே மகள் இன்னும் வந்திருக்கவில்லை. உடனே வேறொரு லிப்டில் இறங்கினேன். அது இடையில் ஒரு மாடியில் நின்று, எல்லோரும் இறங்கினார்கள். நானும் தரை என்று நினைத்து இறங்கினேன். வெளியே வீதி இருந்தது, ஆனால் நாங்கள் வந்த வீதி இல்லை. கடைகளுக்குள்ளால் நடந்து, நகரும் படிகளில் ஏறி, இறங்கி, எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்பதே தெரியாமல் போனபோதுதான் வழக்கம் ஞாபகம் வந்தது. அவள் தேட மாட்டாள். தண்ணீருக்கு இறங்கியிருப்பாள். மனம் ஓரளவு அடங்கியது. போனில் ஆறு எங்கே என்று எழுதி, சீனத்துக்கு மாற்றி, வழியில் வந்த ஒரு பெரியவருக்குக் காட்டினேன். அவர் மலர்ந்த முகத்தோடு கையைக் காட்டினார். படிகளில் இறங்கினேன், கால் நடுங்கும் வரைக்கும் இறங்கினேன். அகலமான ஆறு வந்தது. மனைவி அங்கே இல்லை.

கரையோரம் மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மகளுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். ஆற்றடியில்தான் நிற்கிறேன், அம்மாவைக் காணவில்லை என்றேன்.

"எந்த ஆறு அப்பா?"

வெள்ளவத்தையில் ஒருவரும் எந்தக் கடல் என்று கேட்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆறு என்றால் ஆறுதான், முன்னால் தண்ணீர் போகிறது என்றேன். தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டாள். மண் நிறம் என்றேன். அது யாங்சி ஆறு, நீங்கள் மலையைத் தாண்டி மற்றப் பக்கம் இறங்கிவிட்டீர்கள் என்றாள். ஊர் ஒரு நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும் ஆறு, இரண்டு பக்கமும் இறக்கம். அம்மா எங்கே தவறினா என்று கேட்டாள். அடி லிப்டடியில் என்றேன்.

"அம்மா ஏறமாட்டா. இறங்குவா. நான் போறன், நீங்கள் அசையாமல் நில்லுங்கோ."

நின்றேன். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பிறந்தது வெள்ளவத்தையில் இல்லை, கொழும்பின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில். அங்கே ஒரு பக்கம் இறங்கினால் துறைமுகம், மற்றப் பக்கம் கிராண்ட்பாஸ் பக்கமாக இறங்கினால் களனி ஆறு. இறங்கினால் தண்ணீர் வரும், ஆனால் எந்தத் தண்ணீர் என்பது வேறு கதை. கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து, நெடுகலும் ஒரே கடலைப் பார்த்துப் பார்த்து அது மறந்து போயிருந்தது.

பயம் அப்போதுதான் வந்தது. அவள் பாஷை தெரியாத ஊரில், வலிக்கிற முழங்காலோடு, ஏதோ ஒரு கரையில் தனியே நிற்கிறாள். மகள் போய்ச் சேருவதற்குள் ஏதாவது நடந்தால் என்ன செய்வது? நடக்காவிட்டாலும், ஆளைத் தொலைக்கிற ஊரில் போய் இருக்கிறாளாம் என்று மனைவி அதையும் மகளின் கணக்கில் எழுதிவிட்டால்? நான் ஒட்ட வைக்க வந்தது ஒரேயடியாக உடைந்துவிடும். கெட்டிக்காரத்தனமாக ஏற்பாடு செய்த என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

நெடுநேரம் கழித்து மகளிடமிருந்து இருக்கிற இடத்தைக் காட்டும் குறியும், வாங்கோ என்ற ஒரு சொல்லும் வந்தன. டாக்சி பிடித்தேன். அது ஊரின் நுனியைச் சுற்றிக்கொண்டு போனது. அங்கே இரண்டு ஆறுகளும் சேருகின்றன, ஒன்று பச்சை, மற்றது மண் நிறம். நடுவில் கோடு போட்ட மாதிரிக் கொஞ்சத் தூரம் கலக்காமலே ஓடுகின்றன. முகத்துவாரத்தில் மழைக்குப் பிறகு களனி கடலில் விழும்போது இப்படித்தான் இருக்கும். வேறு நேரமாக இருந்தால் நிறுத்திப் பார்த்திருப்பேன். போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

இருவரும் ஆற்றுப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மனைவியின் கைப்பை இருந்தது. மகள் மெலிந்திருந்தாள். கிட்டப் போனபோதுதான் கவனித்தேன், மனைவியின் காலில் மகளின் சப்பாத்து. மகள் தாயின் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள், அது அளவு போதாமல் குதி வெளியே நின்றது. கதைத்தார்களா, கதைக்காமலே மாற்றிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. வந்து கனநேரமோ என்று மட்டும் கேட்டேன்.

மனைவி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகளின் பக்கம் திரும்பினாள்.

"கொப்பாட்டச் சொல்லு, கடைசியா வந்தது அவர்தானெண்டு. கச்சான் வாங்கச் சொல்லு."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்பா, கச்சான் வாங்கட்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல், சரி எண்டு சொல்லு என்று மகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். கரையோரத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே கச்சான் வறுத்ததாகக் கிடைப்பது குறைவு, கோதோடு ஏதோ வாசனைச் சரக்குப் போட்டு அவித்துத் தருகிறார்கள். மோசமில்லை. சூடான பையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது கைப்பை நடுவில் இல்லை, மனைவியின் மடியில் இருந்தது. இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள், என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.