முனியாண்டிக்குக் கண் வைக்காத உடையப்பன்

ஈப்போவில் என் தையல் கடைக்குப் பக்கத்துக் கடையில் பச்சை குத்துகிறான் உடையப்பன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். யார் எதைக் கேட்டு வந்தாலும், ஜப்பான்காரர்கள் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த பழைய படங்களின் புத்தகத்தைத்தான் முதலில் விரிப்பான். ரோஜாப்பூ கேட்டு வந்த ஒரு பெண் கெண்டை மீனோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். "ரோசரிக்கா, மரத்துல செதுக்குறதும் தோல்ல குத்துறதும் ஒண்ணுதான்லா. அழிக்க முடியாது" என்பான். அதை அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

போன வருடம் லாரி ஓட்டும் கனகராஜ் வந்து, முதுகு முழுக்க முனியாண்டி வேண்டும் என்றான். உடையப்பன் புத்தகத்தில் ஒரு போர்வீரனைக் காட்டினான். அதே தடித்த கோடு, அதே மீசை, அதே முறைப்பு. கையில் மட்டும் வாளுக்குப் பதில் அரிவாள். காலடியில் நுரை பொங்கும் அலை. முனியாண்டிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நான் மாதா கோயில்காரியாம், எனக்குப் புரியாதாம்.

படம் நன்றாகவே வந்தது. கண்தான் இல்லை. சாமிக்குக் கடைசியில்தான் கண் திறக்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். சரி, திறந்து தொலை என்றால், இன்னும் கொஞ்சம் அலை பாக்கி என்பான். அலை இடுப்பைத் தாண்டியது. தோளில் ஏறி முழங்கை வரை இறங்கியது. லூமுட் கடலிலேயே அத்தனை அலை கிடையாது. கனகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து போனான்.

பொறுக்காமல் ஒருநாள் உடையப்பனைப் பிடித்துத் திட்டினேன். அப்போதுதான் உண்மை வந்தது. முனியாண்டியின் முதல் பார்வை உக்கிரமானது, எதிரே இருப்பவர் தாங்கமாட்டார். சிலைக்கு என்றால் எதிரே கண்ணாடி வைப்பார்கள். முதுகில் குத்தும்போது கண்ணாடி வைத்தாலும், நடுவில் ஊசியோடு குனிந்திருப்பது இவன் முகம்தானே? வீட்டில் மனைவி துளசி வேறு பிள்ளைத்தாய்ச்சி. இத்தனை ஜப்பான் வீரர்களுக்குக் கண் வைத்த மடையனுக்கு இந்த ஒரு கண்ணை வைக்கப் பயம். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த முறை கனகராஜோடு பாப்பா என்கிற அவன் அம்மாவும் வந்துவிட்டார். கண் தெரியாத சாமியை முதுகில் வைத்துக்கொண்டு மகன் இனி லாரி ஏறக் கூடாது என்றார். உடையப்பன் தலையைச் சொறிந்துகொண்டு காரணத்தைச் சொன்னான். என் கடையிலிருந்து இரவல் வாங்கி வைத்திருந்த கண்ணாடியையும் காட்டினான்.

பாப்பா கண்ணாடியை நகர்த்திவிட்டு, மகன் குப்புறப் படுத்திருந்த கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னையப் பாக்கட்டும். தோட்டத்துல இருந்த காலமெல்லாம் நான்தான் அவருக்கு வெளக்கு ஏத்துனேன். மூத்தவன் மோட்டார்ல அடிபட்டு செத்தப்ப எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாரோ தெரியல. இன்னிக்கு என்னையப் பாக்கட்டும்."

உடையப்பன் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஊசியை எடுத்தான். பாப்பா முகத்தை முதுகுக்கு நேராகக் கொண்டுபோனார். கடைசிப் புள்ளி விழுந்ததும் அவன் சட்டென்று திரும்பிக்கொண்டான்.

பாப்பா திரும்பவில்லை. முனியாண்டி முறைத்தார், இவரும் முறைத்தார்.

"முடிஞ்சிருச்சாண்ணே?" என்றான் கனகராஜ், முகத்தைத் தூக்காமல்.

"அசையாம படுடா," என்றார் பாப்பா. "நான் இன்னும் கேட்டு முடிக்கல."